அம்மா இருக்கும் பக்கம்

திருச்சானூர்
12-11-1959

சௌபாக்கியவதி அம்சவேணிக்கு, உன் தகப்பன் திருவேங்கடம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் உன் குழந்தைகள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் இருமல் எப்படி இருக்கிறது, சாயங்கால ஜுரம் இன்னும் வருகிறதா என்று தெரிவிக்கவும்.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்ததும் மாப்பிள்ளை கோவர்த்தனன் சித்தூர் வீட்டைக் காலி செய்து, குழந்தைகளை இங்கே கொண்டுவந்து விட்டார். அவர் சித்தூரில் ஆபீசுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். சுலோசனாவை இங்குள்ள தெலுங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. சிட்டிபாபு சின்னவன், வீட்டில் இருக்கிறான். பக்கத்து வீட்டுச் செங்கம்மா இரண்டு வேளையும் வந்து சமைத்துப் போடுகிறாள்.

மாப்பிள்ளை ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வியாதியின் பெயர் குழந்தைகள் காதில் விழக் கூடாது, தெருவிலும் சொல்லக் கூடாது. "அம்மா மெட்ராஸ் பக்கம் போயிருக்கிறாள், வந்துவிடுவாள்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அதில் எனக்குச் சம்மதம் என்று சொல்ல வரவில்லை. சம்மதமில்லை என்று சொல்லத் தைரியமும் இல்லை. அவர் தகப்பன், நான் தாத்தாதானே.

சாயங்காலம் எதிர்வீட்டு ஆதிநாராயணன் வந்து உட்காருகிறார். அவருக்குக் கண் சரியில்லாததால் நான் பேப்பர் படித்துச் சொல்கிறேன். எல்லாம் எல்லைத் தகராறுதான். தமிழ் பேசுகிறவர்கள் அதிகமிருக்கும் கிராமம் மெட்ராஸ் பக்கம் போகும், தெலுங்கு பேசுகிறவர்கள் அதிகமிருக்கும் கிராமம் ஆந்திராவில் இருக்கும் என்று கிராமம் கிராமமாகப் பிரிக்கிறார்கள். சுலோசனா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். தொந்தரவே கிடையாது.

கவலைப்படாமல் மருந்தைச் சாப்பிடவும்.

திருவேங்கடம்


பெண்கள் வார்டு
25-11-1959

நைனாவுக்கு அம்சா நமஸ்காரம். ஜுரம் குறைந்திருக்கிறது. தினம் ஊசி போடுகிறார்கள். உங்கள் முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவிக்கொள்கிறீர்களா?

ஜில்லா கோர்ட்டில் முப்பது வருஷம் டிரான்ஸ்லேட்டராக இருந்தது போதாதென்று எனக்கும் கோர்ட்டுக் காகிதம் போலவே எழுதுகிறீர்கள். "தொந்தரவே கிடையாது" என்றால் எனக்கு என்ன தெரியும்? சுலோ தொந்தரவு கொடுக்காமல் இருந்தால்தான் எனக்குப் பயம். அவள் சாப்பிடுகிறாளா? சோற்றை உருட்டி உருட்டித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைக்கிறாளா? தூங்கும்போது என் பின்னலைக் கையில் சுற்றிக்கொள்வாள். இப்போது எதைப் பிடித்துக்கொள்கிறாள்? தம்பியை அடிக்கிறாளா? பள்ளிக்கூடத்தில் சிநேகிதம் யாராவது? என்னைப் பற்றிக் கேட்கிறாளா?

இங்கே குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். மற்றவர்களுடைய குழந்தைகள் வருகிறபோது நான் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

உங்கள்
அம்சா


திருச்சானூர்
14-12-1959

சௌபாக்கியவதி அம்சவேணிக்கு ஆசீர்வாதம். நாங்கள் நலம். உன் நலமறிய ஆவல்.

உன் கேள்விகளுக்கு நீ கேட்ட வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். சாப்பிடுகிறாள். சோற்று உருண்டை வைப்பதில்லை. அப்படி ஒரு வழக்கம் அவளுக்கு இருந்ததே நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். தூங்கும்போது சிட்டிபாபுவின் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். அடிப்பதுண்டு, ஆனால் காரணத்தோடு. சிநேகிதம் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. இந்தக் கடைசிப் பதிலை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

ஆனால் ஒரு சேதி சொன்னால் சந்தோஷப்படுவாய். நேற்று சிட்டிபாபு செங்கம்மாவிடம், "அத்தே, நீள்ளு" என்று தண்ணீர் கேட்டான். தெருப் பிள்ளைகளோடு விளையாடித் தெலுங்கு வாயில் வந்துவிடுகிறது. சுலோசனா ஓடிவந்து அவன் வாயிலேயே ஒன்று போட்டாள்.

"தண்ணின்னு சொல்லுடா."

"நீள்ளு."

"தண்ணி!"

"எனக்குத் தண்ணியே வேணாம் போ" என்று அழுதுகொண்டே போய்விட்டான். செங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாடி இது கூத்து? கொழந்தைக்கு நாக்கு வறண்டு கீது, நீ பாடம் எடுத்துக்கினு கீற?" என்றாள். சுலோசனா அசையவில்லை. அவன் "தண்ணி" என்று சொன்ன பிறகுதான் சொம்பைக் கொடுத்தாள். வீட்டில் யார் தெலுங்கு பேசினாலும் இப்போது அவளுக்குப் பிடிப்பதில்லை. பால்காரனிடம் நான் பேசினால்கூட முகம் கடுத்துவிடுகிறது.

ஊர் இரண்டாகப் பிரிகிற காலத்தில் எட்டு வயதுப் பெண்ணுக்கு இத்தனை தமிழ்ப் பற்று என்று எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. ஆதிநாராயணனிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அவர் தெலுங்கர், சிரித்தார்.

திருவேங்கடம்


பெண்கள் வார்டு
3-1-1960

நைனாவுக்கு நமஸ்காரம். எனக்கு ஒன்றுமில்லை, சௌக்கியமாகவே இருக்கிறேன். பனியில் தலைக்குக் கட்டிக்கொள்ளாமல் வெளியே போகாதீர்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. சித்தூரில் சுலோ சண்டை போடுவதே தெலுங்கில்தான் நைனா. கோபம் வந்தால் தமிழில் பாதி தூரம் போய்த் தெலுங்குக்குத் தாவிவிடுவாள். தமிழ்ப் பற்று என்கிறீர்களே, அது என் பெண் இல்லை. வேறு என்னவோ. பள்ளிக்கூடத்தில் எப்படி இருக்கிறாள் என்று எழுதவேயில்லையே.

டாக்டர் புதிதாக எக்ஸ்ரே எடுத்தார். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

அம்சா


திருச்சானூர்
20-2-1960

சௌபாக்கியவதி அம்சவேணிக்கு ஆசீர்வாதம். சிட்டிபாபுவும் நானும் சௌக்கியம்.

பதில் தாமதமானதற்குப் பொங்கலையும் என் முழங்காலையும் காரணம் காட்டலாம் என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். விஷயம் அது இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு இரண்டு முறை ஆள் வந்தது. முதல் முறை டிசம்பரில். அதை உனக்கு எழுதாமல் விட்டேன். சுலோசனா வகுப்பில் சேர்ந்த மறுவாரத்திலிருந்து வாயே திறப்பதில்லையாம். எழுதச் சொன்னால் எழுதுகிறாள், கணக்கில் முதலாவது. ஆனால் பெயர் கூப்பிட்டால் பதில் கிடையாது. எழுந்து நிற்கிறாள், உட்காருகிறாள். பெஞ்சில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். பிரம்பாலும் ஒரு முறை அடித்திருக்கிறார்கள். வீட்டில் வந்து அதையும் சொல்லவில்லை. உள்ளங்கையைப் பார்த்துச் செங்கம்மாதான் கண்டுபிடித்தாள்.

"இன்னா ண்ணா நீ, பொண்ணு ஊமையா மாறிக்கினு கீது, நீ ஊர்ப் பேப்பரெல்லாம் படிச்சிக்கினு கீறே?" என்று என்னைத்தான் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். பிறகு மிளகாய் சுற்றிப் போட்டாள். அடுப்பில் போட்ட மிளகாய் கமறியது. அதனால் கண் திருஷ்டி இல்லை என்று அவளே முடிவு சொன்னாள். அவள் துக்கம் வேறு. தங்கையைத் திருத்தணிப் பக்கம் கொடுத்திருக்கிறாள், அது மெட்ராஸோடு சேரப்போகிறது. "ஏப்ரல் மொதத் தேதியோட அவ அந்தப் பக்கம், நா இந்தப் பக்கம். இனிமே போனவங்க போனவங்கதான்" என்று அரிசி களைந்துகொண்டே புலம்புகிறாள்.

போன ஞாயிறு மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சுலோசனாவை முன்னால் நிறுத்தி, "ஏன் பேச மாட்டேங்கறே?" என்று சத்தம் போட்டார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் கண்தான் கலங்கியது. துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

இதை எழுதியது சரியா என்று தெரியவில்லை. எழுதாமலிருந்தது சரியில்லை என்று மட்டும் தெரிகிறது.

திருவேங்கடம்


பெண்கள் வார்டு
4-3-1960

நைனா,

நான் வீட்டுக்கு வருகிறேன். எக்ஸ்ரே பற்றி அப்புறம் எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா? இடது நுரையீரலில் ஒரு பாகம் கெட்டுப்போய்விட்டதாம். மருந்து மட்டும் போதாது, ஆபரேஷன் செய்து அதை எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதற்குப் பிறகும் மூன்று நான்கு மாதம் இங்கேயே இருக்க வேண்டுமாம். கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. என் பெண்ணுக்கு வாய் போய்விட்டதென்றால் எனக்கு மூச்சு எதற்கு?

சொந்த இஷ்டத்தின் பேரில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். அவரை அழைத்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப் போங்கள்.

அம்சா


திருச்சானூர்
9-3-1960

சௌபாக்கியவதி அம்சவேணிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை மாப்பிள்ளைக்கு இன்னும் காட்டவில்லை. அம்மா, ஒரு மாதம் பொறுத்துக்கொள். உன்னைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறதென்று தெரியவில்லை. நீ வந்தால் குழந்தை பேசிவிடுவாள். ஆனால் எத்தனை நாள் நீ இருப்பாய் என்ற கேள்வியை நான் கேட்காமல் யார் கேட்பது? இதற்கு மேல் எழுத என்னால் ஆகவில்லை.

ஒரு நல்ல மாறுதல். பத்து நாளாகச் சுலோசனா முகத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. காலையில் எழுந்ததும் காலண்டரில் தேதி கிழிப்பது அவள் வேலை. பரீட்சை முடிந்து லீவு வரப்போகிறது என்ற சந்தோஷம் போலிருக்கிறது. தன் பாவாடைகளையும் தம்பி சட்டைகளையும் மடித்துத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள். அதில் என் வேட்டி ஒன்றும் இருக்கிறது. எங்கே பயணம் என்று கேட்டேன். "நாம எங்கயும் போக வேணாம் தாத்தா" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகிறது. எனக்கு அர்த்தம் விளங்கவில்லை. ஆனால் சிரித்தாள்.

ஏப்ரல் முதல் வாரம் வரை பொறு.

திருவேங்கடம்


திருச்சானூர்
3-4-1960

அம்சவேணிக்கு.

நமஸ்காரம், ஆசீர்வாதம், சௌக்கியம் எல்லாவற்றையும் கடைசியில் எழுதிக்கொள்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்ல முயற்சிக்கிறேன்.

முந்தாநாள் ஏப்ரல் முதல் தேதி. விடிந்ததும் சுலோசனா குளித்து, தம்பியையும் குளிப்பாட்டி, இருவரும் புதுத் துணி உடுத்தி வாசலில் நின்றார்கள். லீவு விட்டாயிற்றா என்று கேட்டேன். இல்லை என்றாள். பள்ளிக்கூடம் போகவில்லை. காலை பஸ் வந்து நின்றதும் ஓடிப்போய், பஸ்ஸின் முன்னால் எழுதியிருப்பதைப் பார்த்தாள். அடுத்த பஸ்ஸையும் பார்த்தாள். பதினொரு மணி பஸ்ஸுக்குப் பிறகு கண்டக்டரிடமே தமிழில் கேட்டிருக்கிறாள்: "எங்க ஊர் இப்ப எந்தப் பக்கம்?" அவன், "இதென்னம்மா கேள்வி, இது ஆந்திராதான், எப்பவும் ஆந்திராதான்" என்று சொல்லி விசிலடித்துப் போய்விட்டான்.

அவள் திரும்பி வந்து பெட்டிமேல் உட்கார்ந்தாள். அழவில்லை. செங்கம்மா சோறு பிசைந்து வாயில் கொண்டுபோனாள். "துன்னுடி ராசாத்தி" என்றாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்.

"நான்தான் கெடுத்துட்டேன் தாத்தா."

"எதைம்மா?"

"நம்ம ஊரை. நீதானே படிச்சே, தமிழ் பேசறவங்க நெறய இருந்தா ஊர் அம்மா பக்கம் போயிடும்னு."

எனக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை. அவளே விளக்கினாள். அம்மா மெட்ராஸ் பக்கம் இருக்கிறாள். நாம் எல்லோரும் தமிழே பேசினால் நம் ஊரும் மெட்ராஸ் பக்கம் போய்விடும். அம்மாவும் நாமும் ஒரே பக்கம் ஆகிவிடுவோம். ஊர் நகர்கிற நாளுக்குத் தயாராக இருக்கத்தான் பெட்டியை அடுக்கினாளாம். அதற்காகத்தான் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவில்லை. தெலுங்கு பேசினால் தெலுங்குக் கணக்கில் சேர்த்துவிடுவார்களாம். தமிழில் பேசினால் வாத்தியார் அடிப்பார். ஆகவே பேசவே இல்லை. சிட்டிபாபு வாயில் அடித்ததும் அதற்காகத்தான். அவனும் ஒரு ஆள் அல்லவா, கணக்கில் வருவானே!

"எல்லாம் சரியா செஞ்சிக்கினு வந்தேன் தாத்தா. ஒரு நாள் தம்பி பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடினான். 'ஆகுரா!'ன்னு கத்திட்டேன். நில்லுடான்னு வரல. தெலுங்குலதான் வந்துச்சு. அதனாலதான் ஊர் போகல. இனிமே போனவங்க போனவங்கதான்னு அத்தை சொல்லிச்சு."

அம்சா, நான் இரண்டு பாஷைக்கும் நடுவில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன். ஒரே வீட்டில் ஒரு குழந்தை இத்தனை மாதம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி உயிரைக் காப்பாற்றியதைத் தப்பு என்று நினைத்துக்கொண்டு அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்தபின் மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு எனக்கு நினைவுக்கு வந்தது; வந்தும் நான் நிறுத்தவில்லை. முழுவதும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு க்ஷயரோகம். நெஞ்சுக்குள் புண். யார் எந்தப் பாஷை பேசியதாலும் வந்ததில்லை, நீ செய்த எதனாலும் வந்ததில்லை. எல்லை என்பது சர்க்கார் கச்சேரிக்காரர்கள் வேலை, மனிதர் போகவர அதில் தடையே இல்லை. செங்கம்மா நாளைக்கே தங்கை வீட்டுக்கு ரயிலில் போகலாம். நம் ஊர் எந்தப் பக்கம் இருந்தாலும் அம்மா வைத்தியம் முடியும்வரை அங்கே இருந்துதான் ஆக வேண்டும். ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். மறைத்தால் மறுபடி தானே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தேன்.

"க்ஷயரோகம்னா செத்துப் போவாங்களா?" என்று கேட்டாள்.

முன்பெல்லாம் செத்துப் போவார்கள், இப்போது மருந்து இருக்கிறது, நிறையப் பேர் பிழைக்கிறார்கள் என்றேன். கட்டாயம் பிழைப்பாள் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் அழுதாள். செங்கம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு, தான் சொன்னதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, அவளோடு சேர்ந்து அழுதாள். சிட்டிபாபு இதுதான் சமயமென்று அக்காவின் சோற்றைச் சாப்பிட்டுவிட்டான்.

இன்று மாப்பிள்ளை வந்தார். சொன்னதைச் சொன்னேன். அவர் கோபித்தார். கோபித்துவிட்டு அவளிடம் போய் உட்கார்ந்தார். குழந்தைகளை அங்கே அழைத்துவர விரும்புகிறேன். உன் உத்தரவு வேண்டும்.

ஆசீர்வாதம். நாங்கள் சௌக்கியம் என்று இந்த முறை எழுதவில்லை.

திருவேங்கடம்


பெண்கள் வார்டு
11-4-1960

நைனா, நமஸ்காரம்.

அழைத்து வாருங்கள். 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள்.

உங்கள் கடிதத்தை வார்டில் இருக்கிற எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஒரு ஊரையே என் பக்கம் இழுக்கப் பார்த்திருக்கிறாள் என் பெண். யாருக்கு இப்படி ஒரு பெண் இருக்கிறாள்?

அவளைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்வது என்று முடிவு செய்கிறேன். அதுவரை எந்தப் பக்கமும் கையெழுத்துப் போட மாட்டேன்.

அம்சா


பெண்கள் வார்டு
2-5-1960

நைனாவுக்கும் அவருக்கும் நமஸ்காரம், குழந்தைகளுக்கு முத்தங்கள். ரயிலில் உங்கள் முழங்கால் எப்படி இருந்தது? அன்று கேட்கவே மறந்துவிட்டேன்.

அன்றைக்கு நீங்களும் அவரும் தள்ளி நின்றீர்கள், அழுவதை நான் பார்க்கக் கூடாதென்று. அதனால் வேலியருகே அவள் என்ன பேசினாள் என்று உங்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. எழுதுகிறேன்.

சிட்டிபாபு கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீ இன்னா திருடினே?" என்று கேட்டான். வராண்டா முழுவதும் சிரித்தது. சுலோ சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இளைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

"எந்தப் பக்கம் கெட்டுப் போச்சு?" என்றாள்.

இடது பக்கம் கை வைத்துக் காட்டினேன். தன் நெஞ்சிலும் அதே இடத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"அதை எடுத்துட்டா மிச்சம் போதுமா?"

"போதும்னு டாக்டர் சொல்றார்."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

"அப்ப எடுத்துக்க. நீ வர்ற வரைக்கும் தம்பிய நான் பாத்துக்கறேன். இனிமே அடிக்க மாட்டேன்" என்றாள். உடனே, "ரொம்ப அடிக்க மாட்டேன்" என்று திருத்திக்கொண்டாள். உங்கள் பேத்திதான் நைனா, சந்தேகமில்லை.

வராண்டாக் கோடியில் ரத்னம்மா என்று ஒருத்தி நின்றாள். நெல்லூர்ப் பக்கத்துக்காரி, தமிழ் தெரியாது. அவளைப் பார்க்க யாரும் வருவதில்லை. மற்றவர்கள் குழந்தைகளைப் பார்ப்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பாள். சுலோ அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வேலி ஓரமாகவே நடந்து அவளுக்கு நேராகப் போய் நின்று, "மீகு எவரூ ராலேதா?" என்றாள். உங்களுக்கு யாரும் வரவில்லையா என்று, சுத்தத் தெலுங்கில். சித்தூரில் சண்டை போடுவாளே, அதே கணீர்க் குரல்.

ரத்னம்மா, "நுவ்வு ஒச்சாவு கதா, தல்லி" என்றாள். நீ வந்தாயே, தாயே என்று. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க, என் பெண் வந்தாள் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் விட்டுக்கொடுத்தேன், கொஞ்சம் பொறாமையோடு.

நீங்கள் ரயில் ஏறியிருப்பீர்கள், நான் டாக்டரிடம் போய்க் கையெழுத்துப் போட்டேன். ஜூன் முதல் வாரத்தில் ஆபரேஷன்.

அவரிடம் சொல்லுங்கள். நான் பயப்படவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் என் பெண்ணிடம் "வலிக்கும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். இனி அவளிடம் நான் பின்வாங்க முடியாது.

அம்சா


திருச்சானூர்
18-7-1960

சௌபாக்கியவதி அம்சவேணிக்கு உன் தகப்பன் மனம் நிறைந்த ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் உன்னைப் பார்த்தபோது நீ கண் திறக்கவில்லை. இப்போது உன் கையாலேயே நான்கு வரி எழுதியிருக்கிறாய். சளியில் கிருமி இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்தக் கார்டைச் சுலோசனா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஆதிநாராயணனுக்கு இப்போதெல்லாம் பேப்பருக்கு முன்னால் உன் கார்டைத்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மழை வரும் போலிருந்ததால் குடையை எடுத்துக்கொண்டு போனேன். வகுப்பு விடவில்லை. வாசலில் ஓரமாக நின்றேன். புதிதாக வந்திருக்கும் டீச்சர் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி வீட்டைப் பற்றிப் பேசச் சொல்லிக்கொண்டிருந்தார். சுலோசனாவின் முறை வந்தது. உங்கள் அம்மா எங்கே, ஏன் நீ தாத்தா வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டார். உள்ளே போய் ஏதாவது சொல்லி அழைத்து வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன்.

அவள் எழுந்து, "மா அம்மகு க்ஷய" என்று ஆரம்பித்தாள். எங்கள் அம்மாவுக்கு க்ஷயரோகம். மெட்ராஸ் பக்கம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஆபரேஷன் ஆகியிருக்கிறது. குணமாகிக்கொண்டு வருகிறது. இவ்வளவையும் தெலுங்கில், பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத் தங்கு தடையில்லாமல் சொன்னாள். அவள் பக்கத்தில் இருந்த பெண் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். சுலோசனா அதைப் பார்த்தாள். "எனக்கு இல்லை. அம்மா சளியிலும் இப்போது கிருமி இல்லை. சந்தேகமாக இருந்தால் எங்கள் தாத்தாவைக் கேள். அதோ நிற்கிறார்" என்று என்னைக் கையால் காட்டினாள்.

எல்லாப் பிள்ளைகளும் திரும்பினார்கள். டீச்சரும் பார்த்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு மாதமாக இந்தத் தெருவில் யார் கேட்டாலும், "மெட்ராஸ் பக்கம் போயிருக்கிறாள்" என்று சொல்லி நகர்ந்துகொண்டிருந்தவன் நான். "ஆமாம். என் மகள்தான். க்ஷயம்தான். அவள் சொன்னதெல்லாம் சரி" என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. நகர்ந்த பெண் முழுவதும் திரும்பி வரவில்லை. பாதி தூரம் வந்தாள்.

இப்போது தெருவுக்கே தெரியும். இரண்டு வீட்டுக்காரர்கள் நம் வாசல் பக்கம் வருவதில்லை. செங்கம்மா அந்த வீடுகளைத் தாண்டும்போதெல்லாம் வேண்டுமென்றே உன் பெயரைச் சொல்லி, "எங்க அம்சாவுக்கு நல்லா ஆயிக்கினு வருது" என்று உரக்கப் பேசிக்கொண்டு போகிறாள். மற்றவர்கள் உன் உடம்பை விசாரிக்கிறார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் சுலோசனாவைக் கூப்பிட்டு, "டீச்சர் கிட்ட இன்னா சொன்னே? இன்னொரு தடவை சொல்லு" என்றார். அவள் சொன்னாள், முதலில் தெலுங்கில், பிறகு அவர் கேட்காமலே தமிழில். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலைம்மா" என்றார்.

சுலோசனா அவர் தோளில் கையை வைத்தாள். "பயமா கீதா நைனா? நான் வந்து சொல்லட்டுமா?"

அவர் இன்று காலை முதல் பஸ்ஸில் சித்தூருக்குப் போயிருக்கிறார். தானே சொல்லிவிடுவதாக அவளிடம் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் அவள் கையை எடுத்தாள்.

நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கு. இந்த முறை நாங்கள் மூவரும் நிஜமாகவே சௌக்கியம்.

உன் தகப்பன்,
சுலோசனாவின் தாத்தா,
திருவேங்கடம்